மத்தியானத்தில் கண் விழிக்கும் பெட்டி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. வெளியே எல்லோருக்கும் அவர் ‘காது’. சின்னவர்களுக்குக் காது அண்ணன், பெரியவர்களுக்குக் காது தம்பி. வீட்டுக்காரிக்கு மட்டும் ‘இங்க பாருங்க’.

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். மற்ற மெக்கானிக்குகள் வந்த வேகத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துவிடுவார். உள்ளே விசிறி சுற்றுவதும், டிஸ்க் முனகுவதும், எங்கோ ஒரு மூலையில் கொசு பாடுவதுபோல மின்சாரம் பாடுவதும் அவருக்குக் கேட்கும். பார்க்கிறவர்களுக்கு மனிதர் தூங்குகிறார் என்றுதான் தோன்றும். சில நேரம் தூங்கியும் விடுவார். அதை அவர் மறைத்ததில்லை.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு டெலிபோன் நிலையத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பத்து வருஷத்தில் இயந்திர அறைக்குள் போனார். சுவர் உயரத்துக்கு அலமாரி அலமாரியாக ஸ்விட்சுகள். ஒருவர் எங்கோ எண்ணைச் சுழற்றினால் இங்கே ஒரு அலமாரியில் ‘கடகட’ என்று தொடங்கி அடுத்ததற்குத் தாவி, அந்தச் சத்தம் அறை முழுக்க நடந்து போய் ஒரு மூலையில் நிற்கும். எந்த அலமாரி நொண்டுகிறது என்று கண்ணை மூடியபடி சொல்லுவார். காது என்ற பெயர் அங்கே வந்ததுதான். பிறகு ஒருநாள் அத்தனை அலமாரிகளையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பீரோ அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது சத்தமே போடவில்லை. சத்தம் போடாத இடத்தில் காதுக்கு என்ன வேலை? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வரும் வரிகள் அவருக்கு முகங்கள். இது கீபோர்டு காணோம் என்கிற முகம். இது டிஸ்க் காணோம் என்கிற முகம். இது தேதி மறந்துபோச்சு என்கிற அசட்டு முகம். இருபது வருஷத்தில் அறுபது எழுபது முகங்கள் பழக்கமாகிவிட்டன. அவற்றை வைத்தே பிழைப்பு ஓடியது.

நடைச் சத்தமும் அவருக்கு அப்படித்தான். காலையில் பாதித் தூக்கத்தில் படுத்தபடியே தெருவில் போகிறவர்களை எண்ணுவார். பள்ளிக்கூட டீச்சரம்மா நடை தையல் மெஷின் ஓடுவதுபோல. எதிர்வீட்டுக்காரர் நடை ஆபீசுக்குப் போக மனசில்லாத நடை. தபால்காரர் நடை மட்டும் முன்பெல்லாம் தெரியாது. மூன்று மாதமாகத் தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்துவிடுகிறது. ‘டக்… சர்ர். டக்… சர்ர்.’

தபால்காரருக்கு இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. பிறவியிலேயே. அந்தக் குறையை அடியில் ஏற்றிச் சரிக்கட்டிய ஷூ தேய்ந்துபோய்விட்டது. புது ஷூ கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர். அதைப் பார்க்கத்தான் காதைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் ஷூ அக்கா. கடைத்தெருவில் ஒரு மாடியறையில் அவருடைய பட்டறை. ஒரே அளவில் இல்லாத பாதங்களுக்கு ஷூ செய்கிறவர். ஒன்று பெரிசு ஒன்று சின்னது, விரல் மடங்கியது, குதிகால் திரும்பியது, எல்லாம் அவரிடம்தான் வரும். ஒவ்வொரு பாதத்தையும் அளந்து கம்ப்யூட்டரில் வரைந்து வைப்பார். பக்கத்தில் இருக்கும் வெட்டும் மெஷின் அந்தப் படத்தைப் பார்த்துத் தோலை வெட்டும். நானூற்றுச் சொச்சம் பேருடைய பாதங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் படம் வரைகிற புரோகிராம் அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் திறக்கும். அதைச் செய்து கொடுத்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. பெட்டி போனால் பட்டறை போச்சு, அவ்வளவுதான்.

“வா காது தம்பி. இது மத்தியானக் குருவிப்பா” என்றார் அக்கா. “காலைல எழுப்பினா எழுந்திருக்காது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அதுக்கா மனசு வந்தா முழிக்கும். ஒரு மணி நேரம் வேலை செய்யும். ஒரு ஷூவுக்குத் தோலை வெட்டி முடிக்கறதுக்குள்ள கவுந்து படுத்துக்கும். இந்த மாசம் அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.”

காது பொத்தானை அழுத்தினார். விசிறி ஒரு மூச்சு இழுத்தது, அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஒரு மூச்சு.

“காலைல ஒம்போது மணிக்கு வந்து எழுப்பினா நான்கூடத்தான் எழுந்திருக்க மாட்டேன்” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. தபால்காரர். பட்டுவாடாவுக்குப் போகும் வழியில் முக்காலியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். “சீக்கிரம் பாருங்க அண்ணே. என் காலு அந்தப் பொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. இடுப்பு வலி உயிர் போவுது. இன்னும் ஒரு மாசம் இப்படி நடந்தா உள்ள உக்கார்ந்து முத்திரை குத்துற வேலைக்குப் போட்டுடுவேன்னு மேலதிகாரி சொல்லிட்டாரு. முப்பது வருஷம் தெருவுல நடந்தவன், நாலு சுவத்துக்குள்ள உக்கார்ந்தா செத்துருவேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மடியில் இருந்த ஷூவின் தேய்ந்த அடியைக் கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது.

அந்த முதல் நாள் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் உள்பெட்டியை மாற்றிப் பார்த்தார். அதே ஒற்றை மூச்சு. மூன்றாம் நாள், ‘ரெண்டு மணிக்கு என்னதான் நடக்குது, இருந்து பார்த்துடறேன்’ என்று காலையிலேயே போய் மேசையருகே நாற்காலியைப் போட்டு, பெட்டியில் காதை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தோல் வெட்டிக்கொண்டிருந்தார். அலமாரிகளில் மரப் பாதங்கள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு எண். பசை வாசனையும் தோல் வாசனையும் கலந்து அறை முழுக்க மெத்தென்று படர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. காது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் மெல்ல நகர்ந்தது. முக்காலியின் காலைத் தொட்டது. மேசை விளிம்பில் ஏறியது. பெட்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அந்த இல்லாத சத்தத்தைக் கேட்டபடியே அவர் கண் சொக்கியது.

உள்ளேயிருந்து பாதங்கள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு ஒரு கூட்டம், நானூறு ஜோடி, ஆள் இல்லாமல் வெறும் பாதங்கள். பெட்டியின் முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மேசையில் இறங்கி, ஜன்னல் விளிம்பு வழியாக வெயிலில் நடந்து போயின. ஸ்விட்ச் அலமாரிகளுக்கு நடுவே நடக்கும் சத்தம்போல ஒரே சீராக இருந்தது. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் பின்தங்கி, டக்… சர்ர் என்று வந்தது. அது அவர் பக்கத்தில் நின்று, “சூடா இருக்குல்ல?” என்றது.

காது சுட்டது. திடுக்கிட்டு விழித்தார். கன்னம் பதிந்திருந்த தகரம் தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. வெயில் பெட்டியின் மேல் முழுசாக ஏறி உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினார். விசிறி மூச்சிழுத்தது; விடவில்லை; சுற்றியது. திரையில் அந்த அசட்டு முகம் வந்தது. தேதி மறந்துபோச்சு.

“அக்கா! குருவியும் இல்ல, கிருவியும் இல்ல. இதுக்குக் குளிருது!”

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். பெரிய பலகை, அதன்மேல் குட்டி டப்பாக்கள் வரிசையாக நின்றன. சிலவற்றின் தலை லேசாக உப்பியிருந்தது. “இதுங்க கபாசிட்டர். வயசாயிடுச்சு. குளுந்து கெடந்தா மரத்துப்போயிடுது, சூடு பட்டாதான் கைகால் நீட்டுது. வெயில் வர்ற நேரத்துக்குத்தான் உங்க பொட்டி முழிக்குது. இந்த மாசம் மேகம், அதான் ஒருநாள் விட்டு ஒருநாள்.”

“அப்போ மாத்திடு” என்றார் அக்கா.

“மாத்தலாம். ஆனா பழைய பலகை. ஈயம் உருக்குற சூட்டுக்கோலை வெச்சா செம்புத் தடம் உரிஞ்சு வந்தாலும் வரும். முதல்ல உள்ள இருக்கிற பாதத்தையெல்லாம் பத்திரமா எடுத்துட்டு அப்புறம்தான் அதுல கை வைப்பேன். டிஸ்க் வேற சொடக்குப் போடுது, கேக்கலையா?”

அக்காவுக்குக் கேட்கவில்லை. தன் காதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார். அப்போதும் கேட்கவில்லை. நம்பினார்.

பாதங்கள் அந்தப் புரோகிராமோடு சேர்ந்து அதே பெட்டியில் மாட்டிய இன்னொரு டிஸ்குக்குத்தான் நகரும், வெளியே எதிலும் ஏறாது. புது டிஸ்க் ஒன்றை மாட்டினார் காது. பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையில் ஒரு சில்லு இருக்கிறது. பெட்டி கண் விழித்ததும் முதலில் படிக்கிற பாடம் அதற்குள்தான். பயாஸ் என்பார்கள். அந்தப் பாடம் எழுதிய காலத்தில் இவ்வளவு பெரிய டிஸ்க் உலகத்திலேயே கிடையாது. சின்ன டிஸ்க் தேடிப் பழைய சாமான் கடைகளை அலசினார். கிடைத்ததெல்லாம் இதைவிடக் கிழடு. ஆக, பாடத்தை மாற்றி எழுதவேண்டும். எழுதுகிற அந்த நாலைந்து நிமிஷத்தில் பெட்டி அணைந்தால், பழைய பாடமும் போய்ப் புதுப் பாடமும் இல்லாமல், பிறகு எந்த வெயிலுக்கும் விழிக்காது.

அணைந்துபோவதையே பழக்கமாக வைத்திருக்கும் பெட்டி!

இதற்கிடையே காது இன்னொன்றையும் கவனித்தார். பலகையில் நாணயம் போல ஒரு பேட்டரி. தேதியை நினைவில் வைப்பது அதுதான். மீட்டர் வைத்தார். செத்துப்போயிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரே மாட்டியது. பிளக் சுவரில் இருக்கும்வரை அந்தப் பேட்டரிக்கு வேலையே கிடையாது. எட்டு வருஷம் தாராளமாக வரும். ஏன் செத்தது?

மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். சுவரில், பிளக் செருகும் இடத்துக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில் ஒரு படம். ஒரு கை, அது பிடித்திழுக்கும் பிளக், பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு மின்னல். எழுத்து சரியாக வராதவன் வரைந்த படம்.

வரைந்தவரே இப்போது அதன் முன்னால் குந்தியிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலம். வேறொரு வீட்டில் இடி இறங்கி ஒரு கம்ப்யூட்டர் கருகியதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தவர், “சாயந்திரம் போறப்ப பிளக்கைப் புடுங்கிடுங்க அக்கா” என்று சொல்லி, மறந்துவிடப் போகிறாரே என்று படமும் போட்டுவிட்டுப் போனார். மழைக்காலம் முடிந்ததும் ‘இனி வேண்டாம்’ என்று சொல்லவில்லை. தினமும் பிடுங்கினால் பேட்டரி சாகும். பலகையும் விடிய விடிய வெறும் குளிரில் கிடக்கும். பெட்டிக்கு வயசானது நிஜம். அதை வேகமாக வயசாக்கியது இந்தச் சிவப்புக் கை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்து சொல்ல இன்னொரு மெக்கானிக்கும் இங்கே வரப்போவதில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

“இங்க பாருங்க, மெஷின்கிட்ட காது குடுத்து கேக்கறீங்க. வாயைத் திறந்து அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே உன்கிட்ட.”

“மூஞ்சி சொல்லுது. முகத்தைப் பார்த்துப் படிக்கிறது உங்களுக்கு மட்டுந்தான் வருமா?”

அவள் பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவு எழுதுகிறவள். புதுப் பாடத்தை யாரோ ஒரு நல்ல மனுஷர் இன்டர்நெட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவளே தேடிக் கண்டுபிடித்துப் பென் டிரைவில் இறக்கிக் கொடுத்தாள். பலகையின் எண்ணையும் பாடத்தின் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். காதும் தன் பங்குக்கு, விரலை வைத்து, உருவம் உருவமாகச் சரிபார்த்தார். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் சாவுதான்.

மறுநாள் மத்தியானம். காது தன் யு.பி.எஸ்ஸையும் சுமந்துகொண்டு போயிருந்தார், கரண்ட் போனாலும் தாங்கும் என்று. பட்டுவாடாவை முடித்துவிட்டுத் தபால்காரரும் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வெயில் மேசையில் ஏறக் காத்திருந்த நேரத்தில் காது சொன்னார்.

“அக்கா. சுவத்துல இருக்கிற படம். அது நான் பண்ணின தப்பு. மழைக்கு மட்டும்னு சொல்லியிருக்கணும். தெனம் புடுங்கினதாலதான் இதுக்கு இந்த கதி.”

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“ஒம்போது வருஷம் காது. ஒருநாள் தவறல. ஜுரத்துல கிடந்தப்போ பக்கத்துக் கடைக்காரரை அனுப்பிப் புடுங்கச் சொன்னேன். என் தங்கச்சி கல்யாணத்துல பாதியில எழுந்து வந்து புடுங்கிட்டுப் போனேன். எங்க வீட்டுல அப்படி ஒரு சண்டை அதுக்கு!”

“மன்னிச்சிடுங்கக்கா.”

“இருப்பா. என் வீட்டுக்காரர் சொல்லி நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீ சொன்னதைப் போய் இப்படிக் கேட்டிருக்கேனே, அதை நெனச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது.” சிரிப்பா கோபமா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. “முதல்ல இதை எழுப்பு. அப்புறம் உன்னை வெச்சுக்கறேன்.”

வெயில் ஏறியது. தகட்டைக் கழற்றிப் பலகையை வெயிலுக்குக் காட்டி வைத்தார்கள். கால் மணி நேரம் காய்ந்தது. பொத்தானை அழுத்தினார், விழித்துக்கொண்டது. பென் டிரைவைச் செருகி, பழகிய முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசிக் கேள்விக்கு ‘சரி’ என்று தட்டினார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக வளர ஆரம்பித்தது.

பாதி தாண்டியபோது அறை மங்கியது. ஜன்னலுக்கு வெளியே, எங்கும் போக அவசரமில்லாத ஒரு மேகம் வந்து சூரியன்மேல் உட்கார்ந்துகொண்டது. விசிறியின் சத்தம் ஒரு நூலளவு இறங்கியது. அது காதுக்கு மட்டும்தான் கேட்டது.

“அக்கா, சூடு! தோல் இளக்குற அந்தச் சுடுகாத்து ஊதி எங்க?”

அக்கா கையிலேயே வைத்திருந்தார். “யு.பி.எஸ்ல செருகட்டுமா?”

“ஐயோ வேணாம், அது தாங்காது! சுவத்துல! தள்ளிப் புடிங்க. கொழந்தைக்குத் தலை காய வைக்கிற மாதிரி.”

அக்கா தோலை இளக்குகிறவர். எவ்வளவு சூட்டில் எது வளையும், எது சுருங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, டப்பாக்களின்மேல் வெதுவெதுப்பான காற்றை விசிறிவிட்டார். விசிறியின் குரல் மறுபடி ஏறியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அப்போது கோடு நின்றுவிட்டது.

முக்கால்வாசியில் நின்றது. நகரவில்லை. அதன் கீழே ஒரு வரி முளைத்தது. காது பார்த்தார். தெரியாத முகம். இருபது வருஷத்தில் ஒருமுறைகூடச் சந்தித்திராத முகம். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. மாட்டிக்கொண்ட பெட்டியை அணைத்து மறுபடி எழுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த முதல் வைத்தியம். கை தானாகப் பொத்தானை நோக்கிப் போயிற்று. விரல் அதன்மேல் உட்கார்ந்தது.

“அண்ணே, கையை எடுங்க!”

தபால்காரர் ஒற்றை ஷூவோடு எழுந்து நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் முடியலையாம். நின்ன மாதிரி தெரிஞ்சாலும் அணைக்காத, பொறுத்திருன்னு எழுதியிருக்கு.”

“நிஜமாவா? சரியாப் படிச்சியா?”

“கோழி கிளறின மாதிரி எழுதின விலாசத்தையெல்லாம் முப்பது வருஷமா படிக்கிறேன். இது அச்சுல போட்டிருக்கு, படிக்க மாட்டேனா?”

காது விரலை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஊதியின் சன்னமான இரைச்சல் மட்டும் அறையைச் சுற்றி வந்தது. மரப் பாதங்கள் அலமாரியில் அப்படியே நின்றன, யாரோ கூப்பிட்டால் புறப்பட்டுவிடலாம் என்பதுபோல. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று பிறகு மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மேகம் நகர்ந்தது, வெயில் மறுபடி மேசைக்கு வந்தது. கோடு ஒரு துளி நகர்ந்தது. இன்னொரு துளி. வலது ஓரத்தைத் தொட்டது.

பெட்டி தானாக அணைந்து, தானாக விழித்தது. காது மாட்டியிருந்த புதுப் பேட்டரிக்கு இன்னும் தேதி தெரியாது; அதனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. இன்று என்ன தேதி?

காது திரும்பிப் பார்த்தார். அக்காவுக்கும் சட்டென்று வரவில்லை. தபால்காரர்தான் சொன்னார். காலையில் நூறு கடிதத்து முத்திரையில் பார்த்த தேதி.

நானூற்றுச் சொச்சம் பாதங்களும் மாலைக்குள் புது டிஸ்கில் ஏறின. அடுத்த நாள் காது சூட்டுக்கோலை எடுத்து உப்பிய டப்பாக்களை மாற்றினார். ஒரு தடமும் உரியவில்லை. தபால்காரரின் இடது பாதம் திரையில் வந்து நின்றதும், வெட்டும் மெஷின் தோலின்மேல் நடக்க ஆரம்பித்தது. கிளம்பும் நேரத்தில் அக்காவின் கை பழக்கத்தில் பிளக்குக்குப் போய்விட்டது. காது வாயைத் திறப்பதற்குள் அவரே கையை இழுத்துக்கொண்டார். மறுநாள் போனபோது சுவரிலிருந்த சிவப்புக் கை அப்படியே இருந்தது. அதற்கு மட்டும் ஒரு தோல் கையுறை வெட்டி ஒட்டியிருந்தார் அக்கா.

ஒரு வாரம் கழித்து, காலையில் காது பாயில் கிடந்தபடி தெருவை எண்ணிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா போனார். எதிர்வீட்டுக்காரர் மனசில்லாமல் போனார். பிறகு யார் யாரோ, சீரான நடைகள். ‘டக்… சர்ர்’ மட்டும் வரவில்லை. ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டார்களோ? எழுந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, தபால்காரர் இன்னும் வரலையா?”

வீட்டுக்காரி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

“வந்து, குடுத்துட்டு, உங்களை விசாரிச்சிட்டுப் போய் கால் மணி நேரம் ஆச்சு. காதுன்னு பேரு வேற.”

காது மறுபடி படுத்துக்கொண்டார். தெருவில் யாரோ நடந்து போனார்கள். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.